கரீம் பாயும் வானத்துக் காஸும்

கரீம் பாய் இன்று காலை மௌத்தாகிவிட்டார்...

எங்கள் திருவொற்றியூர் குடியிருப்புக்கு இருபது வருடமாக காஸ் சிலிண்டர் போட்டவர். செய்தி கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என் பேத்தி செல்வி பூனாவில் ஆராய்ச்சி செய்தவள். வெகுதூர நட்சத்திரக் கூட்டங்களில் எவ்வளவு காஸ் இருக்கிறது என்று ரேடியோ டெலஸ்கோப் வைத்து அளக்கிற வேலை.

"பேத்திக்கு காஸ் வேலை" என்று நான் வாய்விட்டதுதான் தாமதம்... சிலிண்டர் புக் பண்ணித் தரச் சொல்லி ஆளாளுக்கு என் கதவைத் தட்டினார்கள்!

பாய் மட்டும்தான் கேட்டார். "அது இன்னா காஸுக்கா?"

ஹைட்ரஜன் பாய், அதிலிருந்துதான் நட்சத்திரமே பிறக்குதாம். ஆனா குளிர்ந்துபோய்க் கிடக்கிறதால சிக்னலே கொடுக்காதாம். கூடவே கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு இருக்குமாம், அதோட சிக்னலைப் பிடிச்சு இதைக் கணக்குப் போடுவாளாம்... அவள் சொன்னதை ஒப்பித்தேன். எனக்கே புரியவில்லை.

பாய் சிலிண்டரைத் தட்டிச் சிரித்தார். "அட, இது நம்ம மேட்டருக்கா! இதுக்குள்ள கீற காஸுக்கு சொந்தமா வாசனையே கெடையாது. லீக்கானா தெரியணும்னு ஒரு நாத்தத்த கலந்து வுடறாங்க. அத்த வெச்சிதான் காஸு கீதுன்னு கண்டுக்கிறோம்."

போனில் சொன்னேன். "ஆயா, அதேதான்!" என்று கத்தினாள் செல்வி.

அவளுக்கு அது கஷ்டமான வருடம். இரண்டு தடவை பார்த்தும் சிக்னல் இல்லை. மூன்றாவது தடவையும் வராவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்றாள்.

மாடி ஏறும்போதெல்லாம் பாய் கேட்பார். "வந்துச்சாக்கா?"

"இல்ல பாய்..."

ஒரு மத்தியானம் போன் வந்தது. வந்துவிட்டது! கிராஃபில் சின்னதாக ஒரு மேடு... சந்தேகமே இல்லையாம்!

அப்போது வாசலில் நின்ற பாய், தோளிலிருந்த சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுப் படியில் ஓடினார். "காஸு வந்துடுச்சி! காஸு வந்துடுச்சி!"

மூன்று மாடியிலும் அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கீழே ஓடினார்கள். ஆலைக் காஸ் கசிவுக்குப் பயந்தே வாழும் எண்ணூர் பக்கத்து ஜனங்களிடம் இப்படிக் கத்தலாமா!

"யோவ் பாய், எந்த வூட்ல லீக்கு?" கீழ்வீட்டு மல்லிகா.

"வானத்துலமா! நம்ம செல்வி கண்டுபுடிச்சிடுச்சி!"

"பேஜாரு புடிச்ச மனுசா! கொழம்ப பாதியில வுட்டுட்டு ஓடியாறேன்யா!"

அப்புறம் ஒரே சிரிப்பு. தெருவே கை தட்டியது, என் பேத்திக்கு!

"மொத்தம் எவ்ளோக்கா கீது?"

"கோடி கோடி சூரியன் எடையாம் பாய்."

"ஐயோ... டெலிவரிக்கு மட்டும் என்ன கூப்டாத!"

செல்வி இப்போது டாக்டர் செல்வி. நாளைக் காலை ரயிலில் வருகிறாள். அந்த கிராஃபைப் பெரிதாக பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறாள், பாய், உங்களுக்கென்று.

உங்கள் வீட்டுச் சுவரில்தான் மாட்டப்போகிறோம். போய் வாங்க பாய்.