பிலோமினா பூப்பந்து ஆடப் போனாள்

போன சனிக்கிழமை திருமயம் போய்த் தொண்டை கட்டிப்போய்த் திரும்பினேன். காரணம் என் மகள் பிலோமினா. அங்குள்ள பள்ளிக்கூடத்தோடு அவளுடைய டீமுக்குப் பூப்பந்து மேட்ச். கத்தாமல் எப்படிப் பார்ப்பது?

ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். போன வருஷம் வரை மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அதைவிட எனக்குக் கவலை, அவள் பேசாததுதான். ஆவூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். கூட்டாளி என்று ஒருத்தி கிடையாது.

இப்படிப்பட்டவளை டிரில் டீச்சர் பூப்பந்துக்குச் சேர்த்துக்கொண்டார். என் மனைவி நேரே பள்ளிக்கே போய்விட்டாள்.

"இந்த வெயில்ல ஓட விட்டா எம்புள்ளைக்கு என்னத்துக்கு ஆகும் டீச்சர்?"

"பயப்படாதீங்க. மொதல்ல நடக்கட்டும். முடிஞ்சா ஓடட்டும். மூச்சு முட்டுச்சுன்னா நானே ஒக்கார வச்சிர்றேன்."

தினமும் காலையில் பயிற்சி. முதலில் மைதானத்தைப் பாதி சுற்றினாள். அப்புறம் முழுதாக... மழைக்காலம் முடிவதற்குள் இட்லி கூடுதலாகக் கேட்க ஆரம்பித்தாள். டானிக் பாட்டில் அலமாரியிலேயே தூசி படிந்து நின்றது.

ஆனால் பூப்பந்தில் ஒரு சங்கடம். ஐந்து பேர் ஆட்டம். இரண்டு பேருக்கு நடுவே பந்து வந்தால், யார் எடுப்பது என்று ஒருத்தி குரல் கொடுத்தே ஆகவேண்டும். இவள் கொடுக்க மாட்டாள். பின்னால் ஆடும் ராக்கம்மாளும் இவளும் மோதி மோதி விழுவார்கள். ஒருநாள் ராக்கம்மாள் நெற்றி வீங்கியே விட்டது. "வாயத் தொறந்து சொல்லேன்டீ" என்று அழுதாளாம். அன்று இரவு பிலோமினா சாப்பிடவில்லை.

திருமயத்தில் கடைசி ஆட்டம். இரண்டு பக்கமும் சமம். பந்து சரியாக இவளுக்கும் ராக்கம்மாளுக்கும் நடுவே இறங்குகிறது.

"விடு ராக்கு, நா எடுக்குறேன்."

என் மகள் குரல்தான். மைதானம் முழுக்கக் கேட்டது. பந்தும் எதிர்ப் பக்கம் போய் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்திலிருந்தவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து தள்ளிப் போனார்.

அப்புறம்? அடுத்த பந்துகளைக் கோட்டைவிட்டுத் தோற்றுத்தான் போனார்கள்.

அழுதுகொண்டு வருவாள், என்ன சொல்லித் தேற்றலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். அவளோ திருமயத்துப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். "அந்தக் கட் அடிய எப்புடி அடிக்கிறீங்க? சொல்லிக் குடுங்களேன்." புளிச்சோறு கைமாறிக்கொண்டிருந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உடம்பு தேறட்டும் என்றுதான் பிள்ளைகளை விளையாட அனுப்புகிறோம். அங்கே அவர்கள் மனுஷர்களைச் சம்பாதித்துவிடுகிறார்கள்...

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "தோத்துட்டு வந்தா இம்புட்டுச் சிரிப்பா?"

"அடுத்த சனிக்கெழம அவுங்க இங்கிட்டு வர்றாங்கம்மா. மத்தியானச் சோறு நம்ம வீட்டுலதான்னு சொல்லிட்டேன்."

"எத்தன பேருடீ?"

"ரெண்டு டீமும்."

இதை எழுதும்போது மனைவி வீட்டில் இல்லை. அண்டா இரவல் கேட்கப் போயிருக்கிறாள்.