விதாத் என்று யாரும் இல்லாத தெரு

பஸ்ராவில் ஒருவர் கண்ணை மூடினால், உடலைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் கறுப்பு பேனர் தயாராகிவிட வேண்டும். நுஹாத் பத்தொன்பது வருடமாக அந்த வேலையைத்தான் செய்துவந்தாள். அபூ செய்ஃபின் அச்சுக்கடையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, மேலே குர்ஆன் வசனம், நடுவில் பெயர், கீழே துக்கம் கேட்க வேண்டிய இடம் என்று அடுக்குவாள். ஆண் என்றால் ஓரத்தில் புகைப்படம். பெண் என்றால் அந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூ. பெயருக்குப் பதில் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய். எத்தனையோ பெண்களை அவள் அப்படி ரோஜாவாக்கி அனுப்பியிருக்கிறாள். ஒரு நாளும் கை நடுங்கியதில்லை.

சொந்த அக்கா விதாத் போனபோதும் நடுங்கவில்லை என்பதுதான் கொடுமை. வேறு யாரும் செய்ய வேண்டாம் என்று அவளே உட்கார்ந்து இருபது நிமிடத்தில் முடித்தாள். ஹாஜி காலிபின் மனைவி, முந்தஸிரின் தாய். அதே பழைய ரோஜா. நன்றாக வந்திருக்கிறது என்று அபூ செய்ஃப் சொன்னார், இவளும் ஆமாம் என்றாள்.

ஐந்தாம் நாள் நாஸிரியாவிலிருந்து நஜீபா என்றொருத்தி போன் செய்தாள். விதாதோடு ஒரே பெஞ்சில் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் எப்போதாவது போனில் பேசிக்கொண்டதோடு சரி; பேச்செல்லாம் பள்ளிக்கூடக் காலம்தான், புருஷன் பெயரோ மகன் பெயரோ அதில் வந்ததில்லை. சாவுச் செய்தி கேட்டு, கால்வாய்க்கரைத் தெரு என்ற ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு மூன்றாம் நாளே பஸ்ராவுக்கு வந்திருக்கிறாள். அவளிடம் இருந்தது விதாதின் எண் மட்டும். அதுவோ அணைந்து கிடந்தது. இவளுடைய எண்ணைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆகியிருக்கிறது.

"விதாத் வீடு எதுன்னு தெரு பூரா கேட்டேன். அப்படி யாரும் இங்க இல்லைன்னுட்டாங்க," என்றாள். "ஒரு சுவத்துல கறுப்பு பேனர் தொங்குச்சு. யாரோ ஒரு ஹாஜியோட பொண்டாட்டின்னு போட்டிருந்துச்சு. பாவம், அவளுக்கும் சேத்து ஒரு ஃபாத்திஹா ஓதிட்டு, அதுக்குக் கீழயே ரெண்டு தடவை நடந்தேன் நுஹாத். ரெண்டு தடவை."

தெருக்காரர்கள் பொய் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாக அவர்களுக்குத் தெரிந்தது உம்மு முந்தஸிரைத்தான், முந்தஸிரின் அம்மாவை. வீட்டுக்குள்ளே பெண்கள் விதாத், விதாத் என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். வெளியே சுவருக்கு அந்தப் பெயர் தெரியாது. பஸ் ஏறித் திரும்பிப்போன தோழியை நுஹாத்தால் மறக்க முடியவில்லை. யாரைக் குறை சொல்ல? பேனர் போட்டதே அவள் கைதானே.

மறுநாள் முதல் அது வர ஆரம்பித்தது. நடுப்பகலில் மின்சாரம் போகும். ஜெனரேட்டர் பிடிக்கும்வரை திரை கறுத்துக் கிடக்கும். அந்தக் கறுப்பில், அவள் நாற்காலிக்குப் பின்னால், காகிதச் சுருள்களுக்கு நடுவே, ஒரு பெண் நிற்பாள். தலைமுதல் கால்வரை மூடிய அபாயா அங்கியின் வடிவம் மட்டும் தெரியும், முகம் இருக்காது. திரும்பிப் பார்த்தால் சுருள்கள்தான். நாற்காலியை இடம் மாற்றிப் போட்டாள், அதுவும் கூடவே வந்தது. ஓதி ஊதிப் பார்த்தாள், மறுநாளும் நின்றது. பயமில்லை என்று சொன்னால் பொய். திட்டினாலாவது பதில் சொல்லலாம். அது சும்மா நின்றுகொண்டிருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில் அபூ செய்ஃப் அவளை ஓவிய வகுப்புக்கு வேறு அனுப்பிவைத்தார். எதிர்க்கடை பேனர்கள் பார்க்க லட்சணமாக இருக்கின்றன என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்களாம். நாற்பத்தேழு வயதில் பென்சில் சீவிக்கொண்டு போய் உட்கார வேண்டிய தலையெழுத்து. சொல்லிக்கொடுக்கிற ரஃபலுக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். முதல் நாள் வெள்ளைத்தாளில் ஒரே ஒரு புள்ளி வைக்கச் சொன்னாள். நுஹாத் நடுவில் வைத்தாள். ஓரத்துக்குத் தள்ளி வைத்துப் பாருங்கள் என்றாள் ரஃபல். தள்ளியதும் தாள் முழுக்க ஒரு பக்கம் சாய்கிற மாதிரி இருந்தது. ஒரு புள்ளிக்கு இத்தனை கனமா! நுஹாத் பொருமலை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு கோடு, வடிவம், வெளிச்சம், நிழல் என்று போயிற்று.

மூன்றாம் வாரம் ஒரு நாற்காலியை மேசைமேல் ஏற்றி வைத்து, நாற்காலியை வரையக் கூடாது, அதன் கால்களுக்கு நடுவிலும் கம்பிகளுக்கு நடுவிலும் இருக்கிற காலி இடத்தை மட்டும் வரையுங்கள் என்றாள் ரஃபல். நுஹாத் அந்தக் காலி இடங்களை ஒவ்வொன்றாகக் கரியால் நிரப்பினாள். முடித்துத் தள்ளிவைத்துப் பார்த்தபோது, அவள் தொடவே தொடாத நாற்காலி தாளில் நின்றது. கடையில் தன் பின்னால் நிற்பவள் ஞாபகம் வந்தது.

நாற்பதாம் நாள் நெருங்கியது. நஜீபா மறுபடி வருவதாகச் சொல்லியிருந்தாள். பஸ் நிலையத்துக்கு வந்து அழைத்துப்போகிறேன் என்றதற்கு, வேண்டாம், இந்த முறை நானே தேடிப் பார்க்கிறேன் என்றுவிட்டாள். அந்தச் சொல் நுஹாத்துக்குச் சுருக்கென்று தைத்தது. நேரே அக்கா கணவரிடம் போய், நாற்பதுக்காவது அக்கா பெயரைப் போடலாமா என்று கேட்டாள்.

காலிப் கெட்டவர் இல்லை. அக்கா போனதிலிருந்து பாதி உடம்பாகிவிட்டார். ஆனாலும் தலையை ஆட்டினார். "தெருவுல போறவன் வர்றவன்லாம் என் வீட்டுக்காரி பேரை வாய்விட்டுப் படிக்கணுமா? உசுரோட இருந்தப்ப அவளை நான் அப்படி விட்டதில்ல. இப்ப விடுவேனா?"

கொடுத்த வாசகத்தில் ஓர் எழுத்தைக் கூட்டினாலும் கடையில் வேலை போய்விடும். நுஹாத் எதையும் கூட்டவில்லை. அதே வசனம், அதே மனைவி, அதே தாய். ரோஜாவை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளை மல்லிகைக் கொத்தொன்றைத் தானே வரைந்தாள். பூவை அவள் பார்க்கவேயில்லை; பூக்களுக்கு நடுவில் விடுபடுகிற கறுப்பைத்தான் பார்த்துப் பார்த்து வரைந்தாள். விதாத் என்பது அரபியில் நான்கே எழுத்து. ஒன்றோடொன்று ஒட்டாத எழுத்துகள். வலமிருந்து இடமாக நான்கு இடைவெளிகளில் நான்கும் உட்கார்ந்துகொண்டன.

தாளை வகுப்புக்கு எடுத்துப்போனாள். ரஃபல் கிட்டத்தில் பார்த்து, பூ அழகாயிருக்கிறது என்றாள். பிறகு வழக்கம்போல அறையின் மறுகோடிக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தவள், நான்கு எழுத்தையும் கூட்டிப் படித்தாள். "யாரு சின்னம்மா அது?" என்று கேட்டாள். எங்க அக்கா என்றாள் நுஹாத். எழுத்து இன்னும் தெளியட்டும் என்று, மூன்றாவது இடைவெளியில் ஒரு பூவை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள் ரஃபல்.

நாற்பதாம் நாள் மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் பேனருக்குக் கீழே, சுவரோரம் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கசப்புக் காப்பி சுற்றி வந்தது. அபூ செய்ஃபே வந்து பேனரை அண்ணாந்து பார்த்து, வகுப்பு வீண்போகவில்லை என்று மெச்சினார். நுஹாத் பெண்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே இருந்த இத்தனை பேரில் ஒருவர் கண்ணிலும் அந்தப் பெயர் படவில்லை. நஜீபாவுக்கும் தெரியாமல் போய்விட்டால்?

கால்வாயின் மறுகரையில் டாக்ஸி நின்றது. இறங்கிய பருத்த பெண் இரண்டடி வைத்தாள், நிமிர்ந்து பார்த்தாள், அப்படியே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுகிற சத்தம் இந்தக் கரைவரை வந்தது.

யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று எண்ணி காலிப்தான் பாலத்தைத் தாண்டி ஓடினார். குனிந்து ஏதோ கேட்டார். அவள் கையை நீட்டிக் காட்டினாள். காலிப் திரும்பி, தன் வீட்டுச் சுவரைப் பார்த்தார். போச்சு, ஆளைக் கூப்பிட்டு இப்போதே கிழித்தெறியப் போகிறார், நாளைக்கு வேலையும் இல்லை என்று நினைத்தாள் நுஹாத்.

அவர் யாரையும் கூப்பிடவில்லை. அந்தக் கரைத் தேநீர்க்கடையிலிருந்து ஒரு ஸ்டூலை வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வாசலில் நின்று வருகிறவர் கையைப் பற்ற வேண்டிய வீட்டுக்காரர், தன் வீட்டைப் பார்த்தபடி பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும்வரை அங்கேயே இருந்தார். திரும்பி வந்தபோது நுஹாத்தின் முன்னால் நின்றார்.

"இருவத்தாறு வருஷம்," என்றார். "வீட்டுக்குள்ளகூட நான் அவளை உம்மு முந்தஸிர்னுதான் கூப்பிட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பேனரைக் கழற்றச் சொல்லவில்லை.

இனி அக்கா வரமாட்டாள் என்று நம்பி மறுநாள் நுஹாத் கடைக்குப் போனாள். நடுப்பகலில் மின்சாரம் போயிற்று. திரை கறுத்தது. அதே இடத்தில் அதே அபாயா நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் என்ன வேண்டும் உனக்கு என்று மனசுக்குள் கத்தினாள். வேர்த்த நெற்றியைத் துடைக்கக் கையை உயர்த்தினாள். கறுப்புக்குள் நின்றவளும் கையை உயர்த்தினாள்.

நுஹாத் கையை இறக்கினாள், அவளும் இறக்கினாள். அவளுக்குக் கணவன் இல்லை, மகன் இல்லை. நாளைக்கு அவள் போனால் சுவரில் அவளுடைய அண்ணன் பெயர்தான் வரும், இன்னாரின் சகோதரி என்று.

ஜெனரேட்டர் பிடித்ததும் கறுப்பாக ஒரு புதுப் பக்கத்தைத் திறந்தாள். நடுவில், வெள்ளையில், பெரிதாகத் தன் பெயரை வைத்தாள். சுற்றிலும் பூ எதுவும் வைக்கவில்லை. பின்னாலிருந்து எட்டிப்பார்த்த அபூ செய்ஃபுக்கு அது தினமும் பார்க்கிற வேலைதான். அவள் பெயர் என்றுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"யாரு போனது?" என்று கேட்டார்.

"இன்னும் போகல," என்றாள் நுஹாத்.