சாகக் கிடந்தவருக்குக் கல்யாணம்

அசுவா ஊர்த் தெருவில் எடுவிகிஸ் நடந்து வந்தால், இருமிக்கொண்டிருப்பவர்கள் இருமலை விழுங்கிவிடுவார்கள். முக்குக் கடையில் டோமினோ ஆடும் கிழவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நாங்க நல்லாத்தான் இருக்கோம் தாயே, நீ உன் வழியப் பாத்துப் போ" என்பார்கள். அவள் வேண்டுமென்றே நின்று ஒருவரை ஏற இறங்கப் பார்த்து, "இளைச்சிட்டீங்களே" என்று சொல்லிவிட்டுப் போவாள். அன்றைக்கு அந்த ஆள் ஆட்டத்தில் தோற்றே தீருவார்.

ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியவர்களுக்குக் கடைசிவரை துணை இருப்பதுதான் அவள் வேலை. உதட்டை நனைப்பது, ஜெபம் சொல்வது, அழுகிறவர்களுக்குக் காபி போட்டுக் கொடுப்பது எல்லாம் அப்புறம்தான். முதலில் கதவைச் சாத்திவிட்டு, வீட்டார் கேட்கக் கூசுவதையெல்லாம் கேட்டுவிடுவாள். எந்தச் சட்டை போட்டு அனுப்புவது? யாரை உள்ளே விடக் கூடாது? மனதில் என்ன குறை? அந்தக் குறையைத் தீர்க்காமல் அவள் ஒருவரையும் அனுப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அதற்கு வேட்டு வைத்தார் லியோன்சியோ. ஆயுள் முழுக்கத் தலைநகருக்கு வேன் ஓட்டியவர், இப்போது வயிற்றில் புற்றுநோயோடு படுத்திருந்தார். நீலச் சட்டை போதும் என்றார். மூக்கைச் சிந்திச் சிந்தி அழும் மச்சானை உள்ளே விடாதே என்றார். பிறகு, "நெரெய்தாவக் கட்டிக்கணும். புருஷனா சாகணும்" என்றார்.

நெரெய்தா அவரோடு குடித்தனம் நடத்தி, பிள்ளை பெற்று, பேரனும் எடுத்தவள். ரிஜிஸ்டர் ஆபீஸிலும் சரி, கோவிலிலும் சரி, கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. இதென்ன பெரிய காரியம் என்று எடுவிகிஸ் கையோடு பாதிரியாரைக் கூட்டி வந்துவிட்டாள்.

நெரெய்தா அடுப்படியில் வாழைக்காய் மசித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முடியாது."

"அம்மா, அப்பா சாகப் போறாரும்மா!" என்று மகள் யோகாஸ்தா கத்தினாள்.

"அதுக்கு? சாகப் போறவன் எதக் கேட்டாலும் குடுத்துருவியா?"

உள்ளேயிருந்து லியோன்சியோ சிரிக்கிற சத்தம் கேட்டது. "பாத்தியா எடுவிகிஸ், என்னா திமிரு!" என்று சொல்லிவிட்டு, அன்று ரெண்டு கரண்டி சூப் கூடுதலாகக் குடித்தார்.

தினமும் அவர் கேட்பார். தினமும் அவள் மறுப்பாள். ஞாயிற்றுக்கிழமை தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், தாண்டியது. பாதிரியார் தினம் வந்து காபி குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கெஞ்சினார்கள். விதவையாகிக் கறுப்பு உடை உடுத்தப் பயந்துதான் நெரெய்தா மாட்டேன் என்கிறாள் என்று கடையில் ஒருவன் சொன்னான். எடுவிகிஸுக்கு மானம் போயிற்று.

கடைசியில் அவள் அடுப்படிக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "இந்தா நெரெய்தா, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

நெரெய்தா மத்தைக் கீழே வைத்தாள். "அக்கா, வயசுல இந்த ஆளுக்கு வேன் நிக்கிற எடமெல்லாம் ஒருத்தி இருந்தா. ஆனா சாயங்காலமானா எங்கிட்டதான் வருவான், இன்னைக்காவது கட்டிக்கச் சரின்னு சொல்லுவாளான்னு கேக்க. சொன்னா வரமாட்டான்னு எனக்குத் தெரியும். இப்பவும் அதே கததான். நான் சரின்னா அவன் போயிருவான்."

எடுவிகிஸ் மறித்திருந்த கதவைவிட்டு விலகி நின்றாள். இத்தனை சாவைப் பார்த்தவள், இந்த வீட்டில் நடப்பதைப் பார்க்கத் தவறிவிட்டாளே! தன்மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆனால் வலியில் முனகுகிறவரை இரவெல்லாம் புரட்டிப் படுக்க வைத்தவளும் எடுவிகிஸ்தான்.

"வலி தாங்கல நெரெய்தா அவருக்கு. நீ பக்கத்துல வந்தா மட்டும் பல்லக் கடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு."

நெரெய்தா அடுப்பை அணைத்தாள். பிறகு கையைக் கழுவினாள், தலையைச் சீவினாள், உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அன்று அவருக்குக் கேட்கவே மூச்சில்லை. அதனால் அவளே கேட்டாள்.

"என்னைக் கட்டிக்கிறியா, கிழவா?"

லியோன்சியோ ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஃபாதரக் கூப்பிடு... சீக்கிரம். இவ மனசு மாறிடப் போறா."

பாதிரியார் காபிக் கோப்பையோடு ஓடி வந்தார். மோதிரம் இல்லாததால் யோகாஸ்தா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள். ஜெபம் முடிந்ததும் லியோன்சியோ வெகுநேரம் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே உங்கிட்ட நான் என்னத்தக் கேக்கறது?"

"ஒண்ணும் கேக்க வேணாம்" என்றாள் நெரெய்தா. "நான் இங்கதான் இருக்கேன். தூங்கு."

எடுவிகிஸ் பாதிரியாரின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, கதவைச் சாத்தினாள்.