சிஸ்டம்மாவின் வாக்கியம்

ஸ்க்ரூ டிரைவரின் நுனி கம்ப்யூட்டர் பெட்டியின் மேல், பிடி காதில், கண்கள் மூடியிருக்கின்றன. "யாரும் பேசாதீங்க" என்கிறார் சிஸ்டம்மா. பேசிக்கொண்டிருந்தது மின்விசிறி மட்டும்தான். அதையும் நிறுத்தச் சொல்கிறார். வேர்த்தபடி நிற்கிறோம். உள்ளே எலி காகிதம் கொறிப்பது போன்ற சத்தம். எங்களுக்கு அது சத்தம், அவருக்கு ஏதோ சேதி. கண்ணைத் திறந்து எங்களை ஒரு சுற்றுப் பார்க்கிறார்.

"டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் சரியில்ல."

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆறு கம்ப்யூட்டர்கள், இரண்டு பிரிண்டர்கள். அத்தனைக்கும் சேர்த்து ஏழு வருடமாக இவர் ஒருவர். வந்த புதிதில் 'சிஸ்டம் மேடம்', பிறகு 'சிஸ்டம் அம்மா', வாயின் சோம்பலில் 'சிஸ்டம்மா'. கொண்டையில் பென்சில், பையில் பெயின்ட் அடிக்கிற பிரஷ். அந்தப் பிரஷால்தான் தூசி தட்டுவார், குழந்தைக்கு முகம் துடைத்துவிடுவது மாதிரி. மெஷினிடம் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபம் முழுவதும் மனிதர்களுக்கென்று எடுத்துவைத்தது. "டீ கிளாஸ இது மேல வச்சது யாரு? உங்க தலையில வச்சா சும்மா இருப்பீங்களா?"

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. யாராவது குறுக்கே பேசினால் விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டார். வாக்கியத்தின் முதல் சொல்லுக்கே திரும்பிப் போவார். வீட்டிலிருந்து அவருடைய அம்மா போன் செய்வார். "அம்மா, மாத்திரை டப்பா ரெண்டாவது அலமாரியில..." அந்தப் பக்கம் ஏதோ குறுக்கிடும். "அம்மா, மாத்திரை டப்பா ரெண்டாவது அலமாரியில நீலப் பைக்கு..." மறுபடி. "அம்மா, மாத்திரை டப்பா..." கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். நானும் சிரித்திருக்கிறேன். "அஞ்சு அண்ணனுங்களுக்கு நடுவுல வளந்தவ தம்பி நான். ஒரு வாக்கியத்த முழுசா சொல்லி முடிச்ச ஞாபகமே இல்ல" என்றார் ஒருநாள். அதன் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் மேனேஜர் எந்த வாக்கியத்தையும் வினைச்சொல் வரை கேட்டவரில்லை. தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. ஆகவே யார் என்ன செய்தார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரிந்ததேயில்லை.

மூன்று வாரம் முன்பு வரவேற்பறைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. எட்டு வருட ரிப்போர்ட்டுகள் அதில்தான். சிஸ்டம்மா அவற்றை வெளியே எடுத்துவைத்து, டிஸ்கைத் துடைத்து, மெஷினை ஓட்டுகிற ஓ.எஸ்.ஸைப் புதிதாகப் போட்டு, ரிப்போர்ட்டுகளைத் திரும்ப ஏற்றித் தந்தார். மெஷின் ஓடியது. ஆனால் முகப்பிலிருக்கும் சின்ன சிவப்பு விளக்கு விடாமல் சிமிட்டியது. யாரும் தொடாதபோதும் சிமிட்டியது. டிஸ்க் தேய்கிறது, சூடாகிறது, வெடித்துவிடும் என்று ஆளுக்கொன்று சொன்னோம்.

சிஸ்டம்மா மேனேஜரிடம் போனார். "சார், ஓ.எஸ். புதுசா போட்டதும் மெஷின் தன்கிட்ட இருக்கிற எல்லாத்தையும் ஒரு தடவை முழுசா படிச்சு..."

"படிக்கிறதா? யாரு படிக்கிறது? எல்லாம் நோயாளிங்க விவரம்மா!"

"சார், ஓ.எஸ். புதுசா போட்டதும் மெஷின்..."

"அதான் சொன்னியே! கெடுத்தது நீ, கத கேக்கிறது நானா?"

அவர் வெளியே வந்து, பிரஷைப் பையில் செருகினார்.

மேனேஜர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். விளக்கு ரொம்ப நேரம் எரிந்தால் மெயின் சுவிட்ச்சை அணைத்துவிட வேண்டும். "அதுக்கும் ரெஸ்ட் வேணும்ல." கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தன் மச்சானையும் வரவழைத்தார். மச்சான் இருக்கிற ஆன்டிவைரஸ் போதாதென்று இன்னொன்றை ஏற்றிவிட்டுப் போனார். விளக்கு முன்னைவிட வேகமாகச் சிமிட்டியது.

நேற்று ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்யும்படி மேனேஜர் என்னிடம் கொடுத்தார். 'கணினி பழுதடைந்ததற்கு எனது கவனக்குறைவே காரணம் என ஒப்புக்கொண்டு, பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' சிஸ்டம்மா இன்று மாலை ஐந்துக்குள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். திங்கள்கிழமையிலிருந்து மச்சான். ஓர் இடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது, திருத்தினேன். வேறெதையும் திருத்தவில்லை.

இன்று காலை கடிதத்தைப் படித்ததும் அவர் கேட்டது ஸ்க்ரூ டிரைவரை. அப்புறம்தான் அந்தக் காது, அந்த அமைதி. பிறகு திரையில் ஒரு பட்டியலைத் திறந்தார். தன்னை எப்போது பாதியில் அணைத்தாலும் அந்த நேரத்தை மெஷின் குறித்துவைத்துக்கொள்ளுமாம். அது எங்களுக்குத் தெரியாது.

"மொத்தம் பதினேழு தடவை. செவ்வாய், ஒண்ணு பத்து. சாப்பாட்டு நேரம்." ஊசி போடும் சிஸ்டர் தன் நகத்தைப் பார்த்தார். "வியாழன், ஆறு அஞ்சு. பூட்டுற நேரம்." வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். பதினேழையும் வாசித்தார். ஒன்றையும் விடவில்லை.

"கண்ணசரும்போதெல்லாம் உங்க மூஞ்சியில தண்ணி ஊத்துனா எப்படி இருக்கும்? கரண்ட்ட வெட்டுனா மறுநாள் எங்க அடிபட்டிருக்குன்னு அது டிஸ்க் பூரா தடவிப் பாக்கணும். அப்புறம் விட்ட வேலைய முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சா உங்களுக்குப் பயம் வந்துரும், திரும்பவும் வெட்டுவீங்க. மூணு வாரமா முடிக்கவே விடாம, முடிக்கலன்னு எம்மேல பழியா?"

"நாலு தடவை நான்தான் அக்கா" என்றேன். பட்டியலில் ஆளின் பெயர் இருக்காது, நேரம் மட்டும்தான்; ஆனாலும் சொன்னேன்.

"ஏன்?"

"சார் சொன்னாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வாய் இல்லயா? அதையும் ஆஃப் பண்ணி வச்சிருந்தீங்களா தம்பி?"

மச்சான் போட்ட ஆன்டிவைரஸை அவர் நீக்கினார். "ஒரே சமையலறையில ரெண்டு மாமியார். இவ தொட்டத அவ சந்தேகப்படுறா, அவ தொட்டத இவ. வீடு எப்படி தூங்கும்?" பிறகு கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் கொண்டைப் பென்சிலால் பெரிதாக எழுதினார்: முடிக்க விடுங்கள். ஒப்புதல் வாசகம் சுவரைப் பார்க்க, எழுத்து எங்களைப் பார்க்க, சுவிட்ச்சுக்கு மேலே நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பத்து மணி.

சாப்பிட எழுந்திருக்கவில்லை. வாட்ச்மேன் கொண்டுவந்த டீயை மடியில் வைத்துக் குடித்தார், மெஷின் மேல் வைக்கவில்லை. இரண்டு மணிவரை விளக்கு மூச்சுவிடாமல் சிமிட்டியது. மூன்றுக்கு மேல் நடுநடுவே நின்று நின்று எரிந்தது, அழுது ஓய்கிற குழந்தையின் விம்மல் போல. மூன்று நாற்பதுக்கு நின்றது. நாங்கள் காத்திருந்தோம். எலியைக் காணோம். ஒரு ரிப்போர்ட்டைத் தேடிப் பார்த்தேன், பெயரை அடித்து முடிப்பதற்குள் வந்து நின்றது.

மேனேஜர் திறந்த பேனாவோடு வந்தார். "என்னம்மா, கையெழுத்து?"

சிஸ்டம்மா எழுந்தார். "சார், ஓ.எஸ். புதுசா போட்டதும் மெஷின் தன்கிட்ட இருக்கிற எல்லாத்தையும் ஒரு தடவை முழுசா படிச்சு வரிசைப்படுத்தி வச்சுக்கும், அதுவரைக்கும் அத யாரும்..."

"அதெல்லாம் சரிம்மா. விளக்கு நின்னுடுச்சுல்ல? மொதல்ல ஆஃப் பண்ணு." கை சுவிட்ச்சை நோக்கி நீண்டது.

அவர் 'சார், ஓ.எஸ்.' என்று மறுபடி தொடங்குவதற்காக நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். தொடங்கவில்லை. மேனேஜரின் இன்னொரு கையிலிருந்து பேனாவை உருவினார். சுவரின் பக்கம் திரும்பி, தான் எழுதிய 'முடிக்க விடுங்கள்' என்பதில் கடைசி மூன்றெழுத்தின் மேல், 'ங்கள்' மறையும்வரை, அவசரப்படாமல் ஒரு கோடு இழுத்தார்.