சுரங்கத்துக்குள் அடித்த மின்னல்

போன சித்திரை மாதம், தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஆரம்பித்தது இந்தக் கூத்து. மாலையானால் இடியும் மின்னலுமாக இருந்த நாட்கள் அவை.

மின்னல் என்றாலே எனக்குப் பயம். முன்பொரு முறை எங்கள் டிவியைக் கருக்கிவிட்டுப் போனது அது. ஆகவே, கண்ணின் இடது ஓரத்தில் பளிச்சென்று வெட்டியதும், "மின்னுது, மின்னுது! பிளக்கைப் புடுங்குங்க!" என்று லயமே அதிரக் கத்தினேன். எல்லாரும் ஓடிப்போய்ப் பிடுங்கினார்கள். இடிச் சத்தமோ வரவில்லை. ஒரு வாரமாக இதே கதை. டிவி நாடகத்தில் மாமியாருக்கு மருமகள் விஷம் வைக்கும் நேரம் பார்த்துத்தான் எனக்கு மின்னும். "வானத்துல ஒரு மேகமில்ல, இந்த அக்காவுக்கு மட்டும் எங்கேருந்துதான் மின்னுதோ!" என்று பக்கத்து வீட்டுக்காரி வாய்விட்டே திட்டினாள். போதாததற்குக் கண்முன்னால் கொசுக்கள் வேறு. விரட்ட விரட்டப் போகவில்லை.

அந்தச் சமயத்தில் பண்டாரவளையில் என் கணவரின் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு, பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக ரயில் ஏறினோம். பட்டிப்பொல தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. பெட்டிக்குள் கும்மிருட்டு. இடது பக்கம் பளீர்!

"ஏங்க, மின்னுது! வீட்டுல பிளக்கைக் கழட்டினீங்களா?" என்று கத்திவிட்டேன். பெட்டியே சிரித்தது. "சுரங்கத்துக்குள்ள ஏதுடி மின்னலு?" என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

எதிரே இருந்த முஸ்லிம் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் பதுளைக்குப் போகிறவர். "கண்ண மூடுங்க. இப்பவும் மின்னுதா?" என்று கேட்டார். மூடினேன். மின்னியது.

"கறுப்பா புள்ளி பறக்குதா?"

"ஆமாங்க, கொசு."

"அது கொசு இல்ல. எனக்கும் இப்படித்தான் மின்னிச்சி. நோன்பு முடியட்டும், பெருநாள் முடியட்டும்னு இருந்தேன். திரை விழுந்த மாதிரி இந்தக் கண்ணு போயிருச்சி" என்று தன் வலது கண்ணைக் காட்டினார். "பண்டாரவளையில எறங்காதீங்க. நேரா பதுளை ஆஸ்பத்திரிக்கு வாங்க."

நான் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கணவரைப் பார்த்தேன். கணவரோ, "மாமி இல்லாம எப்படிங்க தண்ணி ஊத்துறது? சடங்கு முடியட்டும்" என்று இழுத்தார்.

"சீரு ஒங்களோட போகட்டும். கண்ணு என்னோட வரட்டும்" என்று அந்த அம்மா ஒரே போடாகப் போட்டார். தாய்மாமன் எல்லாத் தட்டுகளையும் தனியாளாகச் சுமந்துகொண்டு, பண்டாரவளையில் முழிபிதுங்க இறங்கினார்.

பதுளை ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் பட்டும் பூவுமாக உட்கார்ந்திருந்த என்னை, கல்யாண வீட்டுக்கு வழி தவறியவளைப் போல எல்லாரும் பார்த்தார்கள். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை அந்த அம்மாதான் எனக்கு விளக்கினார். கண்ணுக்குள் ஜெலி மாதிரி ஒன்று இருக்கிறதாம். வயது ஏற அது சுருங்கி, பின்னால் இருக்கும் விழித்திரையை இழுக்குமாம். அப்படி இழுபடும்போதுதான் மின்னுமாம். பலருக்கு அது அத்தோடு போய்விடும். எனக்கோ திரை லேசாகக் கிழிந்தே விட்டது. அன்றைக்கே லேசர் பிடித்துக் கிழிசலை அடைத்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பார்வை போயிருக்கும் என்றார் டாக்டர்.

நாத்தனார் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, போகட்டும். ஆனால் பெட்டியே சிரித்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத எனக்காகத் தன் கண் போன கதையை அத்தனை பேர் நடுவில் சொன்னாரே, அவருடைய பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. காலையில் முகம் கழுவி இரண்டு கண்களையும் திறக்கும்போதெல்லாம், பெயர் தெரியாத அந்த முகம்தான் எனக்கு முதலில் தெரிகிறது.