முன்வரிசை வேண்டாம் என்றவள்

எங்கள் கோவிலில் முன்வரிசை எப்போதும் காலி. ஆண்டவருக்கு அவ்வளவு பக்கத்தில் உட்காரப் பினாங்குக் கத்தோலிக்கர்களுக்குக் கூச்சம். தலைக்கு மேல் சுற்றும் காற்றாடி, வாசல், வாசலுக்கு வெளியே நாசி லெமாக் சோற்றுக்கடை எல்லாம் கடைசி பெஞ்சுக்குத்தான் பக்கம்.

அந்தப் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்காருபவள், செபராங் ஜெயாவில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி. விபத்தில் கால்கள் போய், பல மாதம் கழித்துச் சக்கர நாற்காலியில் திரும்பி வருகிறாள் என்றதும் கோவிலை நடத்தும் எங்கள் பங்குப் பேரவை பரபரத்தது. வாசலில் சாய்தளம் கட்டினோம். முன்வரிசையில் ஒரு பெஞ்சை எடுத்துவிட்டு, தரையில் நீலப் பெயின்ட்டில் சக்கர நாற்காலிப் படம் வரைந்தோம். யோசனை என்னுடையது. படமும்தான், பார்த்தவர்கள் ஆமை என்றார்கள்.

முதல் ஞாயிறு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் நாற்காலியைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டு போனேன். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கே என்மேல் மதிப்பு கூடியது.

பூசை முடிந்ததும் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நான் பின்னாலயே இருந்துக்கிறேன்."

"ஏன்லா? முன்னால எல்லாம் நல்லாத் தெரியுமே."

"பாதருக்கு என்னை நல்லாத் தெரியுது, அதான் பிரச்சினை. ஒரு கொட்டாவி விட முடியல. கூட்டாளிங்க பின்னால சிரிக்கிறாங்க, எதுக்குன்னு தெரியாம நான் சுரூபம் மாதிரி உக்காந்திருக்கேன். இதுக்கு வீட்டுலயே போன்ல பூசை பாத்துக்குவேன்."

"பேரவையில பேசுறேன்" என்றேன். பேசவில்லை. பின்னால் அவளுக்கு இடம் வேண்டுமென்றால், எடுக்க வேண்டியது என் பெஞ்சு.

அடுத்த ஞாயிறும் தள்ளினேன். கடைசி பெஞ்சருகே, நடுவழியில், பிரேக்கைப் போட்டாள். நான் அப்படியே அவள் தோள்மேல் கவிழ்ந்தேன். அதற்குள் மணி அடித்து, சிலுவை, மெழுகுவர்த்தி, பாதர் என மொத்தப் பவனியும் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. பாடகர் குழு வருகைப் பாடலை மறுபடி முதலிலிருந்து பிடித்தது.

"என்னம்மா?" என்றார் பாதர்.

"எனக்கு இங்கதான் இடம் வேணும் பாதர். இல்லன்னா நான் இனிமே வரல."

பாதர் பெஞ்சைப் பார்த்தார். என் குடை எனக்காக இடம் பிடித்துப் படுத்திருந்தது.

"ஐயா, குடையை எடுங்க. அப்படியே பெஞ்சையும்."

நான்கு பேர் தூக்கினோம். பழைய காலத்து மரம், பக்தியைவிடக் கனம். அவள் தானே சக்கரத்தை உருட்டி உள்ளே போனாள். கூட்டாளிகள் இருவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு இருபுறமும் ஒட்டிக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது தூண் ஓரம்.

மறையுரை பாதியில் ஒருத்தி கிசுகிசுத்தாள். "நேத்து ஒரு கல்யாணத்துல வீடியோக்காரன் சொன்னான்னு மாப்பிள்ளை மூணு தடவ தாலி கட்டுனானாம்."

"அப்ப மூணு பொண்டாட்டின்னு சொல்லுலா" என்றாள் நடுவில் இருந்த தங்கச்சி.

மூவரும் வெடித்தார்கள். பாதர் நிறுத்தினார். "பின்னால இருக்கிற மூணு பேரும், முக்கியமா நடுவுல இருக்கிறவங்க, பேச்சை நிறுத்துறீங்களா?"

கோவிலே திரும்பிப் பார்த்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்த ஞாயிறு நான் போவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள்.