ஒருமுறை கேட்ட கேள்வி

என் மகள் என்னை 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவாள். அவள் கட்டப்போகும் ஜெர்மன் பெடியனின் தாயை, அவர்களுடைய மொழியில், 'நீ' என்பாள். பெயர் சொல்லியும் அழைப்பாள். மரியாதை எனக்கு, சிரிப்பு அங்கே. அந்த வசந்தகாலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்தால், பாதி நேரம் தொலைபேசியில் அந்த மனிசியோடுதான் இருப்பாள். கிரேக்க நாட்டுக் கிரேட்டாத் தீவில் எந்தக் கடற்கரையில் கல் குத்தாது, எந்த ஊரில் கார் வாடகைக்கு எடுக்கலாம், முதல் நாள் எங்கே சாப்பாடு என்று திட்டம் போடுவார்கள். நான் பக்கத்தில் நின்று வாழைக்காய் பொரிப்பேன். எனக்கு வயிறு எரியும். பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இவ்வளவு காலத்தில் விடுமுறை என்றால் எங்கள் முதல் கேள்வி 'யார் வீட்டுக்கு' என்பதுதான். லண்டனில் என் அண்ணை வீடு, பாரிஸில் மச்சாள் வீடு. அங்கேயும் சோறுதான், அங்கேயும் நான்தான் சாப்பாட்டுக் கோப்பை கழுவுவேன், இரவில் ஹால் சோபாவில் படுக்கை. ஒரு சொந்தக்காரரும் இல்லாத ஊருக்குப் போய், சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

மகளுக்குத் தோன்றியது. தை மாதத்தில் ஒரு ஞாயிறு, நான் மீன் வெட்டிக்கொண்டு நின்றபோது கேட்டாள்.

"அம்மா, ஜூனில கிரேட்டாவுக்குப் போறம். ரெண்டு கிழமை, பதினாலு நாள். நாலு பேருக்கு வீடு எடுக்கிறம். நீங்களும் வாறீங்களோ?"

கத்தி என் கையில் நின்றுவிட்டது. மனம் அப்போதே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டது. வாய் மட்டும் தன் பழக்கத்தில் போனது.

"எனக்கேன் பிள்ளை. நீங்கள் போயிட்டு வாங்கோ."

"ஓகே," என்று சொல்லிவிட்டு அவள் தயிர் எடுக்கப் போனாள்.

நான் மீன் தலையைப் பிடித்தபடி காத்திருந்தேன். எங்கள் ஆட்களிடம் முதல் வேண்டாமுக்கு மதிப்பில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றால் ஊற்றிக் கொடுப்போம், சாப்பிட்டுவிட்டேன் என்றால் கோப்பை வைப்போம். மூன்றாம் தரம் வற்புறுத்திய பிறகு 'சரி, கொஞ்சமாப் போடுங்கோ' என்பதுதான் முறை. கேட்டவுடன் ஓம் என்றால் காய்ந்த மாடு கம்பில் விழுந்தது போல இருக்கும். மகள் தயிரைத் தின்று முடித்தாள். இரண்டாம் தரம் கேட்கவில்லை.

பின்னேரம் கேட்பாள், இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு கேட்பாள் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையில் மறுநாளே ஒரு வேலை செய்தேன். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. அங்கே முழு வருடத்து விடுமுறைக்கும் தை மாதத்திலேயே அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட வேண்டும். ஜூன் மாதத்தின் அந்த இரண்டு கிழமைகளையும் எழுதிக் கொடுத்தேன். கணவருக்கும் சொல்லவில்லை. விடுமுறை கிடைத்தது. மகளின் கேள்வி வரவில்லை.

பங்குனியில்தான் அந்த மனிசியும் போகிறாள் என்று தெரிந்தது.

"அவவைக் கேட்டனான் அம்மா. உடன ஓம் எண்டிட்டா," என்றாள் மகள், ஏதோ பெரிய குணம்போல.

ஒரு சொல்லில் ஓம். வெட்கமில்லையா என்று மனதுக்குள் கேட்டேன். அன்றிலிருந்து அந்த மனிசி செய்ததெல்லாம் எனக்குக் குற்றம். வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம் என்பார்கள். அவள் அகலமான தொப்பி வாங்கினாள், குற்றம். கிரேக்க மொழியில் 'நன்றி' சொல்லப் பழகினாள், அது பெரிய குற்றம். பெடியன் ஏழு வருடமாக என் மகளோடு திரிகிறான், இந்த மனிசிக்குத் தமிழில் நன்றி சொல்ல வரவில்லையே.

ஈஸ்டருக்கு அவளை விருந்துக்குக் கூப்பிட்டோம். வடை இரண்டு சாப்பிட்டதும் கையால் சாப்பாட்டுக் கோப்பையை மூடி, "நைன், டாங்கே" என்றாள், வேண்டாம், நன்றி என்று. நான் விரலை விலக்கி மூன்றாவதை வைத்தேன். திரும்பவும் நைன். நாலாவதை வைத்தேன். முகம் சிவக்கச் சிவக்கத் தின்று முடித்தாள்.

"அம்மா, அவ வேண்டாம் எண்டால் வேண்டாம்தான்," என்றாள் மகள்.

"வீட்டுக்கு வந்த ஆள் அப்பிடித்தான் சொல்லும். நாங்கள்தான் பாத்துப் போடவேணும்."

மகள் வடைத் தட்டை என் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை.

வைகாசியில் மகள் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால், பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த என் வேலை அட்டவணைக்கு முன்னால் நிற்கிறாள். ஜூன் மாதத்து இரண்டு வரிசையிலும் பச்சைக் கோடு. அதன்மேல் விரல் வைத்திருந்தாள்.

"இந்த ரெண்டு கிழமையும் ஏன் லீவு எடுத்தனீங்கள்?"

"வீடு ஒதுக்கித் துப்புரவாக்கத்தான்."

"இது எங்கட கிரேட்டாக் கிழமையள். எப்ப அன்ட்ராக் போட்டனீங்கள்?"

பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. "தையில," என்றேன்.

"நான் கேட்ட நேரம் வேண்டாம் எண்டீங்கள்தானே?"

எத்தனையோ கிழமை நெஞ்சில் கிடந்தது, தலையில் துவாயோடு நின்ற என் வாயில் வந்துவிட்டது.

"நீ ஒருக்காத்தானே கேட்டனீ."

ஈஸ்டர் வடையை நினைத்தாளோ என்னவோ, அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது. நாலாவது கட்டிலுக்கு இன்னும் ஆள் பிடிக்கவில்லை, பெடியனின் தங்கையைக் கேட்க இருந்தோம் என்றாள். கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தாள்.

"அம்மா, கிரேட்டாவுக்கு வாறீங்களோ?"

"எனக்கேன் பிள்ளை," என்றது என் வாய். அதை எங்கே கொண்டுபோய்த் தைப்பது என்று தெரியவில்லை.

"வாறீங்களோ?" என்று திரும்பவும் கேட்டாள்.

மூன்றாம் தரம் வரை பொறுக்க எனக்குத் துணிவு இல்லை. ஓம் என்றேன். அதே மூச்சில், கடல் தெரிகிற அறை யாருக்கு என்றும் கேட்டேன்.